கண் டாக்டரும் கீரைக் கட்டும்

கொடைக்கானல் மலையிலிருந்து நாள் தவறாமல் லாரிகள் இறங்குகின்றன. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள். அங்கே விளைந்த காரட்டும் பீன்சும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக வருகின்றன. மலைப்பாதை இறங்கி, வத்தலக்குண்டைத் தாண்டி, மதுரைக்குப் போய்ச் சேருகின்றன.

மலைக்கு வடக்கே ஒட்டன்சத்திரம் சந்தை இருக்கிறது. முருங்கைக்காய் அங்கே மலையாகக் குவிகிறது. மலையடிவாரத்து ஊர்களில் கொல்லைக்குக் கொல்லை முருங்கை மரம் நிற்கிறது. பப்பாளி, யாரும் விதைக்காமலே, கிணற்றடியில் முளைத்துக் காய்க்கிறது.

இப்படிப்பட்ட பூமியில், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன், காரட்டிலும் கீரையிலும் இருக்கும் ஒரு சத்து கிடைக்காமல் குழந்தைகள் பார்வை இழந்தார்கள்!

ஒன்று இரண்டு அல்ல. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தாய்மார்கள் அந்தக் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். பல குழந்தைகளுக்கு வயது இரண்டு, மூன்றுதான். கொண்டு வந்தபோது பலருக்குக் காலம் கடந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கண் பகுதிக்குத் தலைமை டாக்டராக இருந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஆயிரக்கணக்கான பேருக்குக் கத்தி பிடித்துக் கண் கொடுத்தவர். ஆனால் இந்தக் குழந்தைகளின் முன்னே அவர் கத்தி பயன்படவில்லை.

மணலில் எழுதிய பையன்

வெங்கடசாமி 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி பிறந்தார். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரம் அவர் ஊர். கரிசல் காட்டுக் கிராமம். விவசாயக் குடும்பம். வீட்டுக்கு மூத்த பிள்ளை அவர்.

காலையில் எருமை மேய்க்க வேண்டும். அதன்பிறகுதான் படிப்பு. காகிதமோ பென்சிலோ கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, விரலால் எழுதிப் படித்தார்.

அவர் சிறுவனாக இருந்தபோது, உறவுக்காரப் பெண்கள் மூவர் பிள்ளை பெறும் காலத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரில் டாக்டர் இல்லை. தான் டாக்டராக வேண்டும், பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று அந்தப் பையன் மனதில் அன்றே முடிவு செய்துகொண்டான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்தார். இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். மதுரையின் வெயிலையும் காய்ச்சலையும் தாங்க முடியாமல், 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிக் குடியேறிய அமெரிக்கப் பாதிரிமார்களின் சபை உண்டல்லவா? அதே சபைதான் இந்தக் கல்லூரியையும் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் மலைக்குப் போன பிறகுதான் அங்கே சீமைக் காய்கறிகள் செழித்தன.

பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் வெங்கடசாமி டாக்டரானார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

விரல்கள் மடங்கின

அவருக்கு முப்பது வயதாகும்போது இடி விழுந்தது. முடக்குவாதம்!

கைகால் மூட்டுகள் எல்லாம் வீங்கின. படுத்த படுக்கையானார். எழுந்து நிற்பதே பெரும்பாடு. 1948-ல் ராணுவத்திலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். நோய் தணிந்து அவர் எழுந்தபோது கைவிரல்கள் கோணி மடங்கிப் போயிருந்தன. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவ டாக்டர் ஆகும் கனவு அத்துடன் போயிற்று.

வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் வைத்தியம் படித்து 1951-ல் தேறினார். அந்த மடங்கிய விரல்களுக்கு ஏற்றபடி ஆயுதங்களைச் செய்து வைத்துக்கொண்டு, இமைக்கு நடுவே நூலிழை அளவில் கத்தியை ஓட்டப் பழகினார். பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு பேருக்குக்கூட ஆபரேஷன் செய்திருக்கிறார். வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பகுதிக்குத் தலைவராக வந்தார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களிடம் தாமே போனார். 1960 முதல் ஊர் ஊராகக் கண் முகாம்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கட்டில் போட்டு, கிழவர் கிழவிகளுக்குக் கண்புரையை எடுத்தார்.

கண்புரைக்கு அவரிடம் விடை இருந்தது. குழந்தைகளின் கண்ணுக்கு?

அந்தி நேரத்துத் தடுமாற்றம்

அந்த நோய் எப்படி வருகிறது தெரியுமா? தாய்மார்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

நம் கண்ணின் உட்புறத்தில் ஒரு திரை இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு அந்தத் திரையில் ஒரு செந்நீலச் சாயம் வேண்டும். அந்தச் சாயம் உண்டாவதற்கு 'ஏ' வைட்டமின் தேவை. அது குறைந்தால் முதலில் கெடுவது அந்தி நேரத்துப் பார்வை. பகலில் ஓடி விளையாடும் குழந்தை, விளக்கு வைக்கும் நேரத்தில் மூலையில் உட்கார்ந்துவிடும். தட்டில் இருக்கும் சோற்றைத் தடவித் தேடும். வாசற்படியில் இடறும். குழந்தைக்குத் தூக்கம் வருகிறது என்றோ, பிடிவாதம் பிடிக்கிறது என்றோ வீட்டார் நினைப்பார்கள். இதுதான் மாலைக்கண்.

அதற்கும் கவனிக்காவிட்டால், கண்ணின் வெள்ளைப் பகுதி பளபளப்பை இழந்து வறண்டுபோகும். சோப்பு நுரை ஒட்டினாற்போல் ஒரு திட்டு தோன்றும். பிறகு கருவிழியும் வறளும். அதற்குமேல் நாள் கணக்குத்தான். கருவிழி மெழுகுபோல் இளகி, குழைந்து, உடைந்து போகும். நேற்று வரை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்த குழந்தை, ஒரு வாரத்துக்குள் நிரந்தரமாக இருட்டில் விழுந்துவிடும். வலி அதிகம் இராது. குழந்தையும் பெரிதாக அழாது. அதனால்தான் ஏமாந்து போவார்கள்.

இந்தக் கடைசிக் கட்டம் தானாக வருவதில்லை. அம்மையோ, வயிற்றுப்போக்கோ, கடும் காய்ச்சலோ வந்து, மிச்சமிருக்கும் கொஞ்சம் சத்தையும் உறிஞ்சிவிடும்போது வருகிறது. அதிலும் தட்டம்மை, மணல்வாரி என்று நாம் சொல்லும் அந்த அம்மை மிகப் பொல்லாதது.

அம்மை கண்ட வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? தாளிப்பதில்லை. எண்ணெய் சேர்ப்பதில்லை. குழந்தைக்கு வெறும் கஞ்சி. வயிறு போனால் காயப்போடு என்கிறோம். அரிசிக் கஞ்சியில் 'ஏ' வைட்டமின் ஒரு துளிகூடக் கிடையாது. கீரை கொடுத்தாலும், எண்ணெய் இல்லாமல் அதன் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. பக்தியையோ வழக்கத்தையோ குறை சொல்ல வரவில்லை. மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்த நேர்ந்துகொண்ட தாய், குழந்தைக்கு நல்லதென்று நம்பித்தான் கஞ்சியோடு நிறுத்தினாள். ஆனால் உடம்புக்கு மிக அதிகமாகச் சத்து வேண்டிய வாரத்தில், அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது மிகக் குறைவு.

தீராத கணக்கு

உணவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு டாக்டர் வெங்கடசாமி கண்டுபிடித்தது அல்ல. அதற்கு முன்பே தெரியும். குன்னூரில் உணவு ஆராய்ச்சிச் சாலையை நடத்திய அய்க்ராய்டும், எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த ரைட்டும் சேர்ந்து, கருவிழி இளகும் நோய்க்குச் செம்பனை எண்ணெயைக் கொடுத்துப் பார்த்து, 1937-லேயே எழுதியிருக்கிறார்கள்.

தெரிந்திருந்தும் ஏன் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள்?

ஆஸ்பத்திரியில் வைட்டமின் மருந்து உண்டு. கருவிழி இளகுவதற்கு முன் கொண்டுவந்தால் மருந்து அதிசயம் செய்யும். மாலைக்கண் ஓரிரு நாளில் விலகத் தொடங்கும். தாய் மகிழ்ச்சியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுவாள். ஊரில் அதே கஞ்சி. அதே அடுப்பு. கொல்லையில் அதே முருங்கை மரம், யாரும் பறிக்காமல்! மருந்தின் பலன் சில மாதங்களில் கரைந்துபோகும்.

ஏழ்மை ஒரு காரணம். அதை மறைப்பதற்கில்லை. இரண்டு வேளை கஞ்சிக்கே கூலி போதாத வீடுகள் அவை. ஆனால் ஏழ்மை மட்டும் காரணம் அல்ல. கீரை பெரியவர்களின் சாப்பாடு, குழந்தைக்குச் செரிக்காது, பேதி ஆகும் என்ற எண்ணம் ஊன்றியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு உள்ள மதிப்பு, வேலியில் கிடைக்கும் பொருளுக்கு இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். டானிக் பாட்டிலுக்குக் கடன் வாங்குகிறோம். முருங்கையை ஆட்டுக்குப் போடுகிறோம்.

ஆஸ்பத்திரியில் ஓர் அடுப்பு

இந்தக் கணக்கைத் தீர்க்க டாக்டர் வெங்கடசாமிக்கு இரண்டு வெளிநாட்டார் துணைக்கு வந்தார்கள்.

ஒருவர் ஜான் வில்சன். இங்கிலாந்துக்காரர். 12 வயதில் பள்ளிக்கூடத்து ரசாயன வகுப்பில் நடந்த விபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். பார்வையற்றோருக்கான காமன்வெல்த் சங்கத்தை 1950-ல் தொடங்கி, ஏழை நாடுகளில் கண் போகாமல் தடுக்க உதவி செய்து வந்தார்.

மற்றவர் ஆன்டாய்னெட் பிரி என்ற அம்மையார். ஆக்ஸ்போர்டில் கண்ணின் ரசாயனத்தை ஆராய்ந்து பேர் பெற்றவர். 1971-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். இந்த அம்மையார் மதுரைக் குழந்தைகளின் கண்ணுக்காக உழைக்கப் புறப்பட்டார்!

வில்சனின் சங்கம் பணம் கொடுக்க, மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான சத்துணவு நிலையம் ஒன்று உருவாயிற்று. குழந்தை வைத்தியரான டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அதில் சேர்ந்தார்.

பெயர்தான் நிலையம். உண்மையில் அது ஒரு சமையல்கட்டு. கண் வறண்ட குழந்தைக்கு முதலில் வைட்டமின் மருந்து கொடுப்பார்கள். பிறகு தாயையும் குழந்தையையும் சேர்த்தே தங்க வைப்பார்கள். கீரை, பயறு, தானியம், கொஞ்சம் எண்ணெய். விலை உயர்ந்த பண்டம் எதுவும் இல்லை. ஊர்ச் சந்தையில் கிடைப்பவைதான். அதைக் கொண்டு சமைத்து ஊட்ட வேண்டும்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். டாக்டர் சொன்னால் தாய் தலையாட்டுவாள். வீட்டுக்குப் போனால் மாமியார் சொல்தான் நடக்கும். ஆனால் தன் கையால் ஊட்டிய கீரைச் சோற்றில் குழந்தை தேறுவதை, கன்னம் உப்புவதை, அந்தியில் எழுந்து நடப்பதைத் தானே நாளுக்கு நாள் பார்த்தவளை எந்த மாமியாரும் மாற்ற முடியாது. அவளே ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சொல்வாள். கத்தியும் தையலும் தெரிந்த ஒரு டாக்டர், அடுப்பங்கரைதான் இந்த நோய்க்கு ஆபரேஷன் அறை என்று ஒப்புக்கொண்டு அங்கே போய் நின்றது சாதாரண காரியம் அல்ல.

அந்த நிலையத்தின் அனுபவத்தை 1976-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரியின் கீரைச் சோறு உலகம் முழுதும் டாக்டர்கள் படிக்கும் விஷயமாயிற்று.

பதினோரு கட்டில்

அதே 1976-ல் டாக்டருக்கு 58 வயது முடிந்தது. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு. அதற்கு முன்பே, 1973-ல், அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்திருந்தது.

அவர் ஓயவில்லை. தம்பி தங்கைகளைத் திரட்டினார். தகப்பனார் போன பின் அவர்களைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை நாச்சியாரும், அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்கள். மதுரையில் ஒரு வீட்டில் 11 கட்டில் போட்டு ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். தாம் வணங்கிய அரவிந்தரின் பெயரை அதற்கு வைத்தார். அதன் வளர்ச்சி தனிக் கதை. 1985-ல் தேனியில், பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, ஒரு கிளை எழுந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைப்போம்.

நமக்கு வேண்டியது அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பிறகு வந்த ஒரு செய்தி.

கண்ணுக்காகக் கொடுக்கும் இந்த வைட்டமின், குழந்தையின் உயிரையும் காக்குமா என்ற கேள்வி உலகில் எழுந்திருந்தது. அரவிந்த் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லாவும் மற்றவர்களும் திருச்சி ஜில்லாவில் ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள். 15,419 சிறு குழந்தைகள். ஒரு வருஷ காலம். வாரம் தோறும் வீடு தேடிப் போய், ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் துளிகள் கொடுத்தார்கள். அளவு அதிகம் அல்ல. ஒரு வாரத்துச் சாப்பாட்டில் இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய அளவுதான்.

முடிவு 1990-ல் வெளிவந்தது. வைட்டமின் பெற்ற குழந்தைகளில் சாவு, பெறாத குழந்தைகளைவிட பாதிக்கும் கீழே போயிருந்தது! 54 சதவீதம் குறைவு.

பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் இத்தனை பலன் தெரியவில்லை. சாப்பாட்டில் ஏற்கெனவே சத்து இருக்கும் ஊரில் பலன் குறைவாகத்தானே தெரியும்? ஆனால் திருச்சி ஜில்லாவின் கணக்கு ஒன்றைக் காட்டிவிட்டது. கண் வறள்வது வெளியே தெரியும் அடையாளம்தான். குழந்தையின் குடலும் நுரையீரலும் உள்ளே அதேபோல் காய்ந்து, நோயைத் தடுக்கும் சக்தியை இழந்து கிடக்கின்றன.

காரட் தின்றால் கண்ணாடி கழலுமா?

இவ்வளவு படித்த பிறகு சிலருக்கு ஆசை வரும். தினம் நாலு காரட் தின்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று கேட்பார்கள். முடியாது. கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் விழியின் அமைப்பைப் பொறுத்தவை. வயதானவருக்கு வரும் கண்புரையையும் எந்தக் கீரையும் கரைக்காது. அதற்கு ஆபரேஷன்தான். முருங்கைச் சாற்றையோ தாய்ப்பாலையோ கண்ணில் விடுவது பெரும் ஆபத்து. கீரை வாய் வழியாகத்தான் கண்ணுக்குப் போக வேண்டும்.

ஆனால் ஆபரேஷன் செய்த கண் ஆறுவதற்கும் சாப்பாடு வேண்டும். நம் வீடுகளில் கண்ணுக்குக் கட்டுப் போட்டவுடன் பத்தியம் என்று முட்டையை நிறுத்துகிறார்கள், மீனை நிறுத்துகிறார்கள், பருப்பைக்கூட நிறுத்துகிறார்கள். சீழ் பிடிக்குமாம். சீழ் பிடிப்பது அழுக்குக் கையாலும் அழுக்குத் துணியாலும் வரும் கிருமியால். புண் கூடுவதற்குப் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் உள்ள புரதமும், நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையில் உள்ள 'சி' வைட்டமினும் தேவை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்னபடி அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை ஏறினால் புண்ணும் ஆறாது, உள் திரையும் கெடும்.

குழந்தைகளுக்கு வருவோம். பிறந்ததும் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் கொடுக்க வேண்டும். அதில் இந்தச் சத்து நிறைய உண்டு. ஆறு மாதத்துக்குமேல், நன்றாக மசித்த கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி, மாம்பழம், முட்டை என்று பழக்கலாம். கீரை என்றால் ஒரு சிறு கைப்பிடி போதும். அரைத் தேக்கரண்டி எண்ணெய் மறக்கக் கூடாது. மலைக்காரட் கிடைத்தால் வேகவைத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கொடைக்கானல் காரட்டுக்கு முருங்கைக் கீரை இளைத்தது அல்ல.

இதோடு அரசாங்கம் 1970 முதல் வைட்டமின் மருந்தும் கொடுத்து வருகிறது. ஒன்பதாம் மாதம் அம்மைத் தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட். பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட். ஈரல் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செலவழிக்கும். அதனால்தான் ஆறு மாத இடைவெளி. நல்லது என்று கூடுதலாக வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. மிஞ்சினால் இந்த வைட்டமின் நஞ்சு. கீரையில் அந்தப் பயம் இல்லை.

கடைசி நாட்கள்

அம்மை ஊசி வந்தது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. கூலி உயர்ந்தது. கருவிழி இளகிப்போன குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது மெள்ள மெள்ளக் குறைந்தது. இன்று கண் வைத்தியம் படிக்கும் இளைஞர் பலர் அந்த நோயைப் புத்தகப் படத்தில்தான் பார்க்கிறார்கள். மாலைக்கண் மட்டும் இன்னும் அங்கங்கே தலைகாட்டுகிறது, முக்கியமாகக் கர்ப்பிணிகளிடம்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி மதுரையில் காலமானார். வயது 87. கடைசி வரை அவர் விரல்கள் நிமிரவில்லை.

தேனி ஆஸ்பத்திரிக்கு இன்றும் காலை பஸ்களில் நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். கண்ணில் கட்டோடு பாட்டிகள், கூடவே வந்த பேரக் குழந்தைகள். மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் சிலர் கையில் ஒரு பை இருக்கும். மதுரையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்புவதற்கு, அதில் நாலு காரட்டும் ஒரு கட்டுக் கீரையும்.